சியோலில் ஒரே ஒரு நாள்: எந்த வழியே நடப்பது?

வேலை விஷயமாகவோ உறவினரைப் பார்க்கவோ சியோலுக்குப் போகிறவர்களுக்கு ஊர் சுற்ற மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு முழு நாள்தான். அந்த நாளைக் கடைத்தெருவுக்குக் கொடுக்காமல் பழைய சியோலை நடந்தே பார்ப்பது என்று தீர்மானித்தவுடன் அடுத்த சிக்கல் வந்து நிற்கிறது. ஐந்து அரண்மனைகள், 18.6 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்டைச் சுவர், அரச முன்னோருக்கான ஆலயம், தூதரகங்கள் சூழ்ந்த ஒரு பழைய தெரு, ஒரு சிறைச்சாலை, ரயிலில் ஒரு மணி நேரம் போனால் இன்னொரு கோட்டை நகரம். இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் தொட்டுவிட்டு வரும் திட்டங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றைப் பின்பற்றினால் எந்த வாசல் எந்த அரண்மனையுடையது என்பது அன்று இரவுக்குள்ளேயே குழம்பிவிடும்.

நான்கு வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். ஒன்று, எல்லோரும் போகும் கியோங்போக்குங் அரண்மனையும் அதன் பக்கத்துப் புக்சோன் குடியிருப்பும். இரண்டு, அதற்குக் கிழக்கே சாங்தோக்குங், சாங்கியோங்குங் அரண்மனைகள், அரச முன்னோர் ஆலயமான ஜோங்மியோ, பிறகு மாலையில் நாக்சான் மலைமேல் ஓடும் கோட்டைச் சுவர். மூன்று, நகர மன்றத்தை ஒட்டிய தோக்சுகுங்கில் தொடங்கி ஜோங்தோங் தெரு வழியாகச் சோதேமுன் சிறை வரை. நான்கு, சியோலை விட்டு வெளியேறி சுவோன் நகரின் ஹ்வாசோங் கோட்டை.

எது பெரியது, எது புகழ்பெற்றது என்று பார்த்தால் கியோங்போக்குங் என்று ஒரு வரியில் முடிந்துவிடும். நடந்து பார்ப்பவருக்கு அந்த அளவுகோல் போதாது. ஓரிடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். நடுவில் எட்டு வழிச்சாலையும் பேருந்து நிறுத்தமும் மட்டுமே என்றால் மெட்ரோவில் போய்விடலாம். நடக்க வேண்டிய காரணமே இல்லை. நடுவழியும் சேர்ந்து கதை சொல்லும் இடத்தில்தான் காலுக்குக் கொடுக்கும் வேலைக்கு அர்த்தம் உண்டு. அந்த வகையில் என் தேர்வு இரண்டாவதான கிழக்கு வழி. ஆனால் உடன் வருபவர், பருவம், கிழமை ஆகிய மூன்றும் இந்தத் தேர்வை மாற்றக்கூடியவை.

கியோங்போக்குங்கும் புக்சோனும்

ஜோசோன் அரச மரபை நிறுவிய தேஜோ 1395இல் கட்டிய முதல் அரண்மனை இது. 1592இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்தது. அதன்பின் 270 ஆண்டுகளுக்கு மேல் யாரும் திரும்பக் கட்டவில்லை. 1865இல் தொடங்கிய மறுகட்டுமானத்தில்தான் இன்று நாம் பார்க்கும் அரியணை மண்டபமான குன்ஜோங்ஜோனும், குளத்தின் மேல் நிற்கும் கியோங்ஹேரு மாடமும் எழுந்தன. பிறகு ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் இங்கிருந்த கட்டடங்களில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன அல்லது பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. 1926இல் அரியணை மண்டபத்துக்கு நேர் முன்னால், அதை நகரத்தின் கண்ணிலிருந்து மறைக்கும்படி, காலனி அரசின் தலைமைச் செயலகம் கட்டப்பட்டது. விடுதலையின் ஐம்பதாம் ஆண்டான 1995இல்தான் அதை இடிக்கத் தொடங்கினார்கள்.

முன்வாசலான குவாங்ஹ்வாமுன்னின் கதையும் இப்படித்தான். 1920களில் வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டது; கொரியப் போரில் மரப்பகுதி அழிந்தது; 1968இல் கான்கிரீட்டில் எழுந்தது; 2010இல் பழைய இடத்தில் மரத்தால் திரும்பக் கட்டப்பட்டது. அதன் முன்னாலுள்ள கல்மேடை 2023இல்தான் திரும்ப வந்தது.

இதைச் சொல்வதால் ‘எல்லாம் புதிது, போகாதீர்கள்’ என்று பொருளில்லை. அழிக்கப்பட்டதைத் திரும்ப எழுப்ப ஒரு நாடு இத்தனை ஆண்டுகள் பொறுமையாக உழைத்திருக்கிறது என்பதே மதிக்க வேண்டிய வரலாறு. மலையைப் பின்னணியாக வைத்து, வாசலுக்குப் பின் வாசலாக, நேர்கோட்டில் விரியும் அந்த அமைப்பின் கம்பீரத்தை வேறு எந்த அரண்மனையிலும் பார்க்க முடியாது. முற்றத்தில் அதிகாரிகளின் தகுதி வரிசைப்படி நடப்பட்ட சிறு கற்களையும், வடகோடியில் 1895 அக்டோபரில் அரசி மியோங்சோங் ஜப்பானியர் கையால் கொல்லப்பட்ட கோன்சோங்குங் வளாகத்தையும் தவறவிடாதீர்கள். பெரும்பாலான குழுக்கள் நடுவிலேயே திரும்பிவிடுவதால் அந்த வடபகுதி ஓரளவு அமைதியாகவே இருக்கும். கொரியாவில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்ததும் அங்கேதான், 1887இல்.

சிக்கல் அரண்மனைக்கு வெளியே தொடங்குகிறது. அடுத்த இடமான புக்சோனில் ஓடு வேய்ந்த ஹானோக் வீடுகள் மலைச்சரிவில் அடுக்கடுக்காக நிற்கின்றன. அறுநூறு ஆண்டுப் பழமை என்று நினைத்துக்கொண்டு பலர் போகிறார்கள். இன்றுள்ள வீடுகளில் பெரும்பகுதி 1930களில் எழுந்தவை. ஜோங் சே-குவோன் என்ற கட்டுமானத் தொழில்முனைவர் பெரிய மனைகளை வாங்கிச் சிறு சிறு மனைகளாகப் பிரித்து, ஜப்பானியக் குடியேற்றம் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த காலத்தில், கொரியக் குடும்பங்கள் வாங்கக்கூடிய ஹானோக் வீடுகளை வரிசையாகக் கட்டி விற்றார். புக்சோனை இந்தக் கண்ணோடு பார்த்தால் அது இன்னும் மதிப்புக்குரியதாகத் தெரியும்.

ஆனால் அது மக்கள் குடியிருக்கும் இடம். கூட்டமும் சத்தமும் தாங்காமல் பலர் வெளியேறியதால், மிகுந்த நெரிசலுள்ள சந்துகளில் காலை 10 முதல் மாலை 5 வரை மட்டுமே பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள். மீறினால் ஒரு லட்சம் வோன் அபராதம். அனுமதித்த நேரத்திலும் ஒரு குடும்பத்தின் வாசல்படியில் நின்று படம் எடுக்கும் வரிசையில் நாமும் சேர்வதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை.

குழந்தைகளோடு போகிறவர்கள், கொரியாவுக்கு இனி வருவோமா என்று தெரியாதவர்கள், ஹான்போக் என்ற கொரியப் பாரம்பரிய உடையை உடுத்திப் படம் எடுக்க ஆசைப்படுபவர்கள் ஆகியோருக்கு இதுவே சரியான வழி. ஹான்போக் அணிந்தவர்களுக்கு அரண்மனைகளில் நுழைவுக் கட்டணம் கிடையாது. கியோங்போக்குங், சாங்தோக்குங் இரண்டிலும் மற்றப் பெரியவர்களுக்கு 3,000 வோன். காவலர் மாற்றச் சடங்கு காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் நடக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டும் நன்றாக யோசியுங்கள். அந்தப் பெரிய முற்றங்களில் நிழலே கிடையாது. தரையில் பாவிய கல் வெயிலை அப்படியே திருப்பி முகத்தில் அடிக்கும்.

கிழக்கு வழி

சாங்தோக்குங் 1405இல் எழுந்த இரண்டாவது அரண்மனை. கியோங்போக்குங் சாம்பலாகக் கிடந்த அந்த 270 ஆண்டுகளும் அரசர்கள் ஆண்டது பெரும்பாலும் இங்கிருந்துதான். ஆகவே ‘தலைமை அரண்மனை’ என்ற பெயர் அங்கே இருந்தாலும், வாழ்ந்த வரலாறு இங்கேதான் அதிகம். 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் இதுதான். நேர்கோட்டை மலைமேல் திணிக்காமல், சரிவு எப்படிப் போகிறதோ அப்படியே கட்டடங்களைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். முன்வாசலில் நுழைந்து வலப்பக்கம் திரும்பி, 1411இல் கட்டிய கல்பாலத்தைக் கடந்து, மறுபடி இடப்பக்கம் திரும்பினால்தான் அரியணை மண்டபம் கண்ணில் படும்.

இந்த இரண்டு அரண்மனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1917இல் சாங்தோக்குங்கின் உள்மாளிகைகள் தீயில் அழிந்தன. அவற்றைத் திரும்பக் கட்டுவதற்குக் கியோங்போக்குங்கில் இருந்த அரசரின் படுக்கை மாளிகையையும் அரசியின் மாளிகையையும் பிரித்து மரங்களை இங்கே கொண்டுவந்தார்கள். 1920இல் கட்டி முடித்தார்கள். ஆக, கியோங்போக்குங்கில் இன்று நிற்கும் படுக்கை மாளிகை 1990களில் புதிதாகக் கட்டியது. அதன் மூல மரங்கள் இங்கே ஹுய்ஜோங்தாங் என்ற பெயரில் நிற்கின்றன. அந்த மாளிகையின் முகப்பில் மோட்டார் கார் வந்து நிற்பதற்கான வளைவு இருக்கும்; அரியணை மண்டபத்தின் கூரையில் மின்விளக்குகள் தொங்கும். நாட்டை இழந்த கடைசிப் பேரரசர் சுன்ஜோங் வாழ்ந்த வீடு இது. பழைய மரமும் காருக்கான முகப்பும் ஒரே கட்டடத்தில் சேர்ந்து நிற்பதைப் பார்க்கும்போது அந்தக் காலத்தின் நெருக்கடி புத்தகத்தில் படிப்பதைவிடத் தெளிவாகப் புரிகிறது.

பின்னாலுள்ள ஹுவோன் தோட்டத்துக்குத் தனிச்சீட்டு, 5,000 வோன், குறித்த நேரத்தில்தான் உள்ளே விடுவார்கள். கொரியப் பயணத்தில் முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டிய ஒன்று உண்டென்றால் அது இதுதான். இலையுதிர் காலத்தில் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். சதுரக் குளம், நடுவே வட்டத் தீவு, கரைமேல் மன்னர் ஜோங்ஜோ 1776இல் கட்டிய இரண்டடுக்கு நூலக மாடம். கோடையிலும் நிழல் குறையாது. முடிந்தவரை காலையின் முதல் வேளைகளில் ஒன்றைப் பதிவு செய்யுங்கள். நாளின் மற்ற எல்லாவற்றையும் இந்த நேரத்தை வைத்துத்தான் அமைக்க வேண்டியிருக்கும்.

அரண்மனையின் கிழக்குச் சுவரிலுள்ள ஒரு வாசல் வழியாக, 1,000 வோன் கொடுத்து, சாங்கியோங்குங்குக்குள் இறங்கலாம். தெருவுக்கே போக வேண்டாம். இதன் அரியணை மண்டபம் 1616இல் கட்டியது. சியோல் அரண்மனைகளில் இன்று நிற்கும் அரியணை மண்டபங்களில் மிகப் பழையது. அளவில் சிறியது, பகட்டில்லாதது. எனக்கு மிகப் பிடித்த மண்டபம் இதுதான். 1909இல் ஜப்பானியர் இந்த அரண்மனையை மிருகக்காட்சி சாலையாகவும் தாவரத் தோட்டமாகவும் மாற்றினார்கள். அரசர் அமர்ந்த முற்றத்தின் பக்கத்தில் கூண்டுகள் வந்தன. 1980களில்தான் விலங்குகள் வெளியேற்றப்பட்டு, அரண்மனை என்ற பெயர் திரும்பியது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தாவர மனை மட்டும் இன்னும் இருக்கிறது.

இங்குள்ள ஒரு முற்றத்தில்தான் 1762இல் மன்னர் யோங்ஜோ தன் மகனான பட்டத்து இளவரசர் சாதோவை அரிசிப் பெட்டிக்குள் அடைத்துச் சாகவிட்டார். எட்டு நாள் ஆனது. அப்போது சாதோவின் மகனுக்குப் பத்து வயது. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் மன்னர் ஜோங்ஜோ. சற்றுமுன் ஹுவோனில் பார்த்த நூலகத்தைக் கட்டியவர். சுவோன் கோட்டைக்கும் இந்த முற்றத்துக்கும் தொடர்பு உண்டு; அதற்கு வருகிறேன்.

அடுத்தது ஜோங்மியோ. இந்த அரண்மனைகளும் ஜோங்மியோவும் ஒரே காடாக ஒட்டியிருந்தவை. 1932இல் காலனி அரசு நடுவே சாலையை வெட்டி இரண்டாகப் பிளந்தது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2022இல், சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கி, மேலே மண்ணைப் போட்டு மரம் நட்டு, பழைய சுவரைத் திரும்ப எழுப்பி, அதன் ஓரமாக ஒரு நடைபாதையும் அமைத்தார்கள். காலடியில் வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்க, தலைக்குமேல் இளமரங்கள். இப்படி ஒரு நடுவழி மற்ற மூன்று பாதைகளிலும் கிடையாது. நான் கிழக்கு வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்த ஒரு துண்டு நடைபாதையும் காரணம்.

ஜோங்மியோவுக்குள் தெற்கு முன்வாசல் வழியாகப் போகும்படி திட்டமிடுங்கள். சுவரைச் சுற்றி நடக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கட்டணம் 1,000 வோன். ஜோசோன் அரசர்கள், அரசிகளின் ஆவி உறைவதாகக் கருதப்படும் பலகைகள் வைக்கப்பட்ட இடம். தலைமை மண்டபம் 101 மீட்டர் நீளம், 19 அறைகள். அரசர்கள் இறக்க இறக்க அறைகளைச் சேர்த்து நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். வண்ணப் பூச்சு மிகக் குறைவு, சிற்பம் இல்லை, முன்னால் கரடுமுரடான கல் பாவிய பெரிய வெளி. கோயில் என்றாலே நிறைவையும் செறிவையும் எதிர்பார்க்கும் நமக்கு முதல் பார்வையில் வெறுமையாகத் தோன்றக்கூடும். கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரே மாதிரித் தூண்களின் வரிசை கண்ணுக்கு எட்டும்வரை ஓடுவதன் கனம் மெல்ல உறைக்கும். பல ஆண்டுகள் நடந்த பழுதுபார்ப்பு முடிந்து 2025இல்தான் பலகைகள் திரும்ப வைக்கப்பட்டன; மே மாத முதல் ஞாயிறன்று இங்கே பெருஞ்சடங்கு நடக்கும். கற்பாதையின் நடுப்பகுதி ஆவிகளுக்கு உரியது, அதில் கால் வைக்காதீர்கள்.

ஜோங்மியோவில் வார நாட்களில் வழிகாட்டியோடு, குறித்த நேரத்தில் மட்டுமே உள்ளே போக முடியும். சனி, ஞாயிறுகளில் நம் விருப்பம்போல் சுற்றலாம். கிழக்கு வழிக்கு வார இறுதியே பொருத்தம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வெளியே வந்து ஜோங்நோ சாலையில் கிழக்கு நோக்கி நடந்தால் 1905இல் தொடங்கிய குவாங்ஜாங் சந்தை. பாசிப்பயறை ஊறவைத்துக் கல்லில் அரைத்து எண்ணெயில் சுட்டெடுக்கும் பிந்தேத்தோக், நம் பெசரட்டுக்குத் தடித்த அண்ணன். சைவம் சாப்பிடுபவர்கள் இறைச்சி சேர்க்காததா என்று கேட்டு வாங்குங்கள்; மாவில் கொரிய ஊறுகாயான கிம்ச்சி இருந்தால் அதில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ இருக்கக்கூடும். கூட்டம் அதிகம், இடம் குறைவு, ஆனாலும் அந்த நேரத்துக்கு உட்கார ஒரு பலகை கிடைத்தாலே போதும்.

சந்தையிலிருந்து சற்றுத் தூரத்தில் கிழக்கு வாசல், ஹுங்கின்ஜிமுன். தோங்தேமுன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 1869இல் திரும்பக் கட்டிய இந்த வாசலின் முன்னால் அரைவட்ட வெளிச்சுவர் உண்டு. எதிரே சாஹா ஹதீத் வடிவமைத்து 2014இல் திறந்த வெள்ளிநிற வடிவமைப்பு மையம். அதைக் கட்டத் தோண்டியபோதுதான் கோட்டைச் சுவரின் இரண்டு வளைவு நீர்வாசல் மண்ணுக்கடியில் கிடைத்தது. அதை அப்படியே வெளியே விட்டிருக்கிறார்கள்.

வாசலுக்கு வடக்கே, நாக்சான் மலைமேல் சுவர் ஏறுகிறது. ஹியேஹ்வாமுன் வாசல் வரை 2.1 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம். மலை வெறும் 125 மீட்டர். சுவரின் கற்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் இந்த ஒரு மணி நேரம் போதாது. 1396இல் தேஜோ காலத்தில் அடுக்கியவை அதிகம் செதுக்காத கரடுமுரடான கற்கள். 1422இல் சேஜோங் காலத்தவை ஓரம் மழுங்கி மக்காச்சோள மணி வடிவில் இருக்கும். 1704இல் சுக்ஜோங் காலத்திலிருந்து சதுரமாக வெட்டிய கற்கள். மூன்றும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஏற்றத்தின் தொடக்கத்தில் பெயர் செதுக்கிய கற்களையும் பார்க்கலாம். எந்த ஊர்க்காரர்கள் எந்தப் பகுதியைக் கட்டினார்கள், யார் பொறுப்பாளர் என்று கல்லிலேயே எழுதியிருக்கிறார்கள். சுவர் சரிந்தால் யாரைக் கேட்பது என்பதற்கான ஏற்பாடு அது. சாதாரண வேலைக்காரர்களின் ஊர்ப்பெயர் தலைநகரின் சுவரில் நிலைத்துவிட்டது.

சுவருக்கு வெளியே சாங்சின் பகுதி. காலனிக் காலத்தில் பெரிய கட்டடங்களுக்குக் கல் வெட்டிய பாறைமுகம் இன்னும் வீடுகளுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கிறது. அதே சந்துகளில் இன்று தோங்தேமுன் துணிச் சந்தைக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைகள். உட்புறம் இஹ்வா பகுதி, சுவரோவியங்களுக்குப் பேர்போனது. பார்வையாளர் தொல்லையால் 2016இல் குடியிருப்பவர்களில் சிலரே இரண்டு புகழ்பெற்ற ஓவியங்களைப் பெயின்ட் அடித்து மறைத்தார்கள். அங்கே நடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது நல்லது. சுவருக்கு இருட்டிய பிறகு விளக்கு போடுகிறார்கள். பூட்டும் நேரமில்லை, கட்டணமில்லை.

நாள் முழுக்கச் சேர்த்து 10,000 வோன் நுழைவுக் கட்டணம். நடை, அரண்மனைகளுக்குள் சுற்றுவதையும் சேர்த்தால், பத்துக் கிலோமீட்டரை ஒட்டி வரும். முழங்கால் வலி உள்ளவர்கள் நாக்சானை விட்டுவிடலாம். சந்தையோடு முடித்தாலும் நாள் நிறைவாகவே இருக்கும். எதிர்மாறாக, கால் வலுவுள்ளவர்கள் அரண்மனைகளை விட்டுவிட்டு வடக்கே பெகாக் மலைச் சுவரைத் தேர்ந்தெடுக்கலாம். 4.7 கிலோமீட்டர், செங்குத்தான படிகள், மூன்று மணி நேரம். 1968 ஜனவரியில் அதிபர் மாளிகையைத் தாக்க வந்த வடகொரிய அதிரடிப் படையினரோடு நடந்த சண்டையின் குண்டுத் தடங்கள் அங்கே ஒரு பைன் மரத்தில் இருக்கின்றன. அந்தப் பாதை இரவில் திறந்திருக்காது.

ஜோங்தோங்: குறைந்த நடை, கனமான கதை

மழை பெய்தாலோ, அரை நாளே கையில் இருந்தாலோ, வரலாற்றில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவராக இருந்தாலோ நான் இதைத்தான் சொல்வேன். முழுக்கவும் மூன்று கிலோமீட்டரைச் சுற்றித்தான் வரும். தனித்தனி இடங்களாகப் பார்த்தால் எதுவும் பிரமாண்டம் இல்லை. வரிசையாக நடந்தால் ஒரு நாடு தன் விடுதலையை இழந்த கதை தேதி வாரியாக விரிகிறது.

1895இல் அரசி கொல்லப்பட்டபின் மன்னர் கோஜோங் உயிருக்கு அஞ்சினார். 1896 பிப்ரவரியில் அரண்மனைப் பெண்களின் பல்லக்கில் மறைந்து ரஷ்யத் தூதரகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஓர் ஆண்டு அங்கிருந்துதான் ஆட்சி நடந்தது. அந்தத் தூதரகத்தில் வெள்ளைக் கோபுரம் மட்டுமே கொரியப் போருக்குத் தப்பி ஜோங்தோங்கில் நிற்கிறது. 1897இல் பக்கத்திலிருந்த அரண்மனைக்கு மாறினார், அதுவே இன்றைய தோக்சுகுங். அதே ஆண்டு அக்டோபரில் ஹ்வாங்குதான் என்ற வானப் பலிமேடையில் தன்னைப் பேரரசராக அறிவித்தார். அந்தப் பலிமேடையை 1913இல் இடித்து ஓட்டல் கட்டினார்கள். எண்கோண மாடம் ஒன்று மட்டும் மிஞ்சி, இன்றும் ஓர் ஓட்டலின் பின்புறத்தில் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே நிற்கிறது. அதில் தொடங்குங்கள். பிறகு தோக்சுகுங். மர மண்டபங்களுக்குப் பக்கத்தில் 1910இல் முடிந்த ஐரோப்பியப் பாணிக் கல் மாளிகை. பேரரசுக்கான மாளிகை முடிந்த அதே ஆண்டில் நாடு ஜப்பானிடம் பறிபோனது. கல்சுவரை ஒட்டிய மரநிழல் தெருவில் நடந்தால் 1897ஆம் ஆண்டின் மெதடிஸ்ட் தேவாலயம், அதன் பின்னால் செங்கல் மாளிகையான ஜுங்மியோங்ஜோன். 1905 நவம்பரில் கொரியாவின் வெளியுறவு உரிமையை ஜப்பான் பறித்த உடன்படிக்கை அங்கேதான் கையெழுத்தானது.

அங்கிருந்து மேற்கே, 1915இல் இடிக்கப்பட்ட மேற்கு வாசல் இருந்த மேட்டைத் தாண்டி இறங்கினால் 1897இன் விடுதலை வளைவும் 1908இல் திறந்த சோதேமுன் சிறையும். இந்தக் கடைசிப் பகுதி போக்குவரத்து மிகுந்த சாலை. நடுவழி என்ற என் அளவுகோலில் இது தோற்கிறது. ஆனால் சிறை அந்தக் குறையை மறக்கடிக்கும். ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான 1919 மார்ச் 1 போராட்டத்துக்குப்பின் அடைக்கப்பட்டவர்களின் அடையாள அட்டைப் படங்கள் ஓர் அறையின் சுவர் முழுவதும் இருக்கின்றன. மாணவி யூ குவான்-சுன் 1920இல் இறந்தது இங்கேதான். 1987 வரை இது சிறையாகவே இருந்தது. விடுதலைக்குப் பின் கொரிய ஆட்சிகளும் தங்கள் எதிர்ப்பாளர்களை இங்கே அடைத்தன. சிறு குழந்தைகளை அழைத்துப் போவதென்றால் நிலவறைகளையும் தூக்குமேடையையும் தவிர்த்துவிடுங்கள்.

சுவோன்

சாதோவின் மகன் ஜோங்ஜோ அரசரானபின் தந்தையின் கல்லறையைச் சுவோன் பக்கம் மாற்றி, அதன் அருகே புது நகரையே எழுப்பினார். 1794இல் தொடங்கி 1796இல் முடிந்த 5.7 கிலோமீட்டர் கோட்டை. அறிஞர் ஜோங் யாக்-யோங் பளுதூக்கும் பொறி வடிவமைத்துக் கொடுத்தார். வேலையாட்களுக்குக் கூலி கொடுத்தார்கள். கல்லோடு செங்கல்லையும் கலந்து கட்டியது அன்றைக்குப் புதுமை. எல்லாவற்றையும், செலவும் பெயர்களும் வரைபடங்களும் உட்பட, 1801இல் நூலாக அச்சிட்டார்கள். கொரியப் போரில் வடக்கு வாசல் உட்படப் பல பகுதிகள் சேதமடைந்தபின், 1970களில் அந்த நூலை வைத்தே திரும்பக் கட்டினார்கள். அந்த ஆவணத்தின் துல்லியமும் 1997இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைக்கத் துணை நின்றது.

முழுமை என்று பார்த்தால் நான்கு வழிகளிலும் முதலிடம் இதற்குத்தான். தெற்கு வாசலருகே சந்தை குறுக்கிடும் சிறு பகுதி தவிர, சுவர் நகரைச் சுற்றி வட்டமாக ஓடுகிறது. ஏழு வளைவு நீர்வாசல், அதன் பக்கத்தில் குளத்தைப் பார்த்த மாடம், மேற்கே மலையுச்சியில் படைத்தலைவரின் மேடை. மூன்று மணி நேரத்தில் சுற்றி முடிக்கலாம். வழி தவற வாய்ப்பே இல்லை. ஒரே ஆளின் துயரத்திலிருந்தும் திட்டத்திலிருந்தும் பிறந்த ஒரே பொருளைப் பார்க்கிறோம் என்ற தெளிவும் உண்டு. ஆனால் சியோல் நிலையத்திலிருந்து மெட்ரோ முதல் தடத்தில் ஒரு மணி நேரம், சுவோன் நிலையத்திலிருந்து பேருந்து, மாலையில் அதே வழி திரும்ப. ஒரு நாளில் இதற்கே மூன்று மணி நேரம் போகும். இரண்டாம் நாள் கிடைத்தால், சாங்கியோங்குங் முற்றத்தைப் பார்த்த மறுநாளே இங்கே வாருங்கள். ஒரே நாள்தான் என்றால் வேண்டாம்.

கிழமை பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

திங்கட்கிழமை சாங்தோக்குங், சாங்கியோங்குங், தோக்சுகுங், சோதேமுன் சிறை நான்கும் மூடியிருக்கும். செவ்வாய்க்கிழமை கியோங்போக்குங்கும் ஜோங்மியோவும் மூடியிருக்கும். ஆகவே திங்கள் என்றால் காலையில் கியோங்போக்குங், பிற்பகல் வழிகாட்டியோடு ஜோங்மியோ, மாலையில் நாக்சான் சுவர். செவ்வாய் என்றால் ஹுவோன் தோட்டத்தோடு தொடங்கி சாங்கியோங்குங் முடித்து, மெட்ரோவில் ஜோங்தோங்குக்குத் தாவிவிடலாம். தோக்சுகுங் இரவு 9 வரை திறந்திருக்கும். சனி, ஞாயிறு கிழக்கு வழிக்கு. வேறு வார நாள் என்றால் ஜோங்மியோவில் நமக்குத் தெரிந்த மொழி வழிகாட்டியின் நேரத்தை முதலில் பார்த்து, அதற்கேற்ப ஹுவோன் சீட்டை எடுங்கள்.

ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை மழைக்காலம். ஈரத்தில் சுவரோரப் படிகள் வழுக்கும், அப்போது ஜோங்தோங். ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கும். மலைப் பகுதியை மதியத்துக்கு மாற்றி, இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். வழி பார்க்க நேவர் மேப் அல்லது காக்காவோ மேப்பைக் கைபேசியில் முன்பே ஏற்றிக்கொள்ளுங்கள். கொரியச் சந்துகளின் நடைவழியை அவை சரியாகக் காட்டும்.